தேன்சிட்டுக்கு ஹம்மிங்பேர்ட் ஃபீடர்: கோலாலம்பூர், பினாங்கு வெயிலில் எது உருப்படும்?

ஷோப்பியிலோ லசாடாவிலோ ‘ஹம்மிங்பேர்ட் ஃபீடர்’ என்று தேடினால் பறவைக்குச் சீனித்தண்ணீர் ஊற்றித் தொங்கவிடும், சிவப்பு மூடியும் மஞ்சள் பிளாஸ்டிக் பூவும் வைத்த குப்பிகள் வரிசையாக வந்து நிற்கும். படத்தில் பச்சை மின்னும் குட்டிப் பறவை ஒன்று அந்தரத்தில் நின்றபடி குடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பறவை செராஸுக்கும் வராது, ஆயர் ஈத்தாமுக்கும் வராது. தமிழில் ஓசனிச்சிட்டு என்று சொல்லப்படும் ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரியது. வடக்கே அலாஸ்காவிலிருந்து தெற்கே டியேரா டெல் ஃபுவேகோ வரை 360 வகைகளுக்கு மேல் உண்டு. ஆசியாவில் ஒன்றுகூட இல்லை. மாலையில் இட்லிப்பூச் செடியைச் சுற்றி ரீங்காரத்தோடு அந்தரத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு ‘இதோ ஹம்மிங்பேர்ட்’ என்று சிலர் படம் போடுகிறார்கள். அது பெரும்பாலும் பருந்து அந்துப்பூச்சி.

நம் வீட்டுப் பூவுக்கு வருவது தேன்சிட்டு, மலாயில் கெலிச்சாப். ஓசனிச்சிட்டுக்கும் இதற்கும் உறவில்லை. பூந்தேனைக் குடித்து வாழ்வதால் இரண்டும் ஒரே சாயலுக்கு வந்துவிட்டன, அவ்வளவுதான். ஆகவே அந்த ஃபீடரைத் தேன்சிட்டுக்கு வைக்கலாம், வைத்தால் வரவும் செய்யும். ஆனால் வேறு பறவைக்கு, வேறு தட்பவெப்பத்துக்குச் செய்த பொருளை இங்கே தொங்கவிடுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. மூன்று கேள்விகளை வைத்தே இந்தப் பொருள்களை எடைபோட வேண்டியிருக்கிறது: தேன்சிட்டால் உட்கார்ந்து குடிக்க முடியுமா, 33 பாகை வெயிலில் ஒழுகாமல் இருக்குமா, தினமும் கழுவ முடியுமா. சந்தையில் இருப்பவற்றில் பல இரண்டாவது கேள்வியிலேயே விழுந்துவிடும்.

முதலில் பறவை. தாமான் வீடுகளிலும் கோண்டோ பால்கனிகளிலும் அதிகம் பார்ப்பது மஞ்சள் வயிற்றுத் தேன்சிட்டு. ஆணுக்குத் தொண்டையிலும் மார்பிலும் கருநீல மினுக்கம், பெண்ணுக்கு அடிப்பக்கம் முழுக்க மஞ்சள். அலகு முதல் வால் வரை 11 செண்டிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். தென்னை இருக்கும் இடங்களில், குறிப்பாகப் பினாங்கின் கரையோரப் பகுதிகளில், கொஞ்சம் தடித்த அலகுள்ள பழுப்புத் தொண்டைத் தேன்சிட்டு வரும். காட்டோரத் தோட்டங்களில் செக்கச்செவேல் என்று சிவப்புத் தேன்சிட்டையும் பார்க்கலாம். கொல்லையில் வாழை இருந்தால் நீள அலகுள்ள சிலந்திபிடிப்பான் வாழைப்பூவைத் தேடி வரும். இவை எல்லாமே அந்தரத்தில் சில வினாடிகள் நிற்கக்கூடியவைதான். ஆனால் காம்பைக் காலால் பற்றிக்கொண்டு, தேவைப்பட்டால் தலைகீழாகத் தொங்கி, அலகை நுழைத்துக் குடிப்பதே இவற்றின் வழக்கம். கால் வைக்க இடமில்லாத ஃபீடரை இவை இரண்டு தரம் வட்டமிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடும். அலகும் கீழ்நோக்கி வளைந்தது. ஆழமான நேர்க்குழாய் போன்ற பிளாஸ்டிக் பூவுக்குள் அது எளிதாக நுழையாது.

குப்பி வகை

மிகவும் மலிவானது இதுதான், அதிகம் விற்பதும் இதுதான். மேலே தலைகீழாகக் கவிழ்த்த குப்பி, கீழே நான்கு பூ வைத்த அடித்தட்டு. விலையையும் அழகையும் பார்த்து எல்லாரும் முதலில் இதைத்தான் வாங்குகிறார்கள். வாங்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்ல வேண்டியதும் இதைப் பற்றித்தான்.

காரணம் அது வேலை செய்யும் முறை. குப்பிக்குள் சீனித்தண்ணீருக்கு மேலே அடைபட்டிருக்கும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவு. அந்த வித்தியாசம்தான் நீரைக் கொட்டவிடாமல் பிடித்து வைக்கிறது. சூடு ஏறினால் அந்தக் காற்று விரியும், நீரைத் துளை வழியே வெளியே தள்ளும். குப்பியில் 200 மில்லி காற்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காலை 26 பாகையிலிருந்து பகலில் 34 பாகைக்கு ஏறினால் அந்தக் காற்று 5 மில்லிக்குச் சற்று அதிகமாக விரியும். அதாவது ஒரு தேக்கரண்டி சீனித்தண்ணீர் தரையில் சொட்டும், நிழலில் இருந்தாலும்கூட. நேர் வெயில் பட்டால் இதைப்போல் பல மடங்கு. பிற்பகல் நாலு மணி மழையில் குளிர்ந்து காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், மறுநாள் மறுபடி சொட்டும். வாங்கியவர்கள் ‘பழுதான பொருள்’ என்று ஒற்றை நட்சத்திரம் போடுகிறார்கள். பொருளில் பழுதில்லை. இந்த வெயிலுக்கு அந்த அமைப்பே ஒத்துவராது.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதைப் பலரும் கவனிப்பதில்லை. நம் ஊர்ச் சூட்டில் சீனித்தண்ணீர் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. ஆகவே கொஞ்சமாக ஊற்றித் தினமும் மாற்ற வேண்டும். ஆனால் குப்பியில் நீர் குறைவாக இருந்தால் காற்று அதிகம், காற்று அதிகமானால் ஒழுகலும் அதிகம். நிறைய ஊற்றினால் புளிக்கும், குறைவாக ஊற்றினால் ஒழுகும். இரண்டுக்கும் நடுவே வழியில்லை.

கழுவுவதும் பாடு. குறுகிய கழுத்துக்குள் பிரஷ் நுழைந்தாலும் தோள் வளைவில் படியும் கறுப்புப் பூஞ்சணம் போகாது. மஞ்சள் பிளாஸ்டிக் பூவின் உட்புறத்தைத் துடைக்கப் பல் இடுக்குப் பிரஷ்தான் வேண்டும். அடித்தட்டின் மரையில் இருக்கும் ரப்பர் வாஷர் சில மாதத்தில் இறுகி வெடித்துவிடும், உதிரி வாஷர் தனியாகக் கிடைப்பதில்லை. கண்ணாடிக் குப்பி என்றால் தோற்றம் நன்றாக இருக்கும், சூட்டில் நிறம் மங்காது, ஆனால் ஒழுகல் அதே ஒழுகல்தான்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால் தூக்கிப்போட வேண்டியதில்லை. நாள் முழுக்க வெயில் படாத தாழ்வாரத்தில், 100 மில்லிக்குள் கொள்ளும் சிறு குப்பியாக இருந்தால், முழுக்க நிரப்பித் தினமும் மாற்றிப் பயன்படுத்தலாம்.

தட்டு வகை

அகலக் கிண்ணம், மேலே மூடி, மூடியில் துளைகள், சுற்றிலும் உட்காரும் வளையம். நீர் துளைக்குக் கீழே இருக்கிறது. பறவை மேலிருந்து அலகை இறக்கிக் குடிக்கிறது. அடைபட்ட காற்றை நம்பி இது நிற்கவில்லை, ஆகவே சூட்டில் சொட்டாது. மூடியைத் திறந்தால் உள்ளே கை போகும், பாத்திரம் கழுவும் பஞ்சாலேயே தேய்த்துவிடலாம். வாங்குவதானால் இதைத்தான் வாங்க வேண்டும்.

அதற்காக எல்லாத் தட்டும் நல்ல தட்டு இல்லை. வாங்கும் முன் அளவைப் பாருங்கள். கிண்ணத்தின் அகலம் 10 செண்டிமீட்டர், உள்ளாழம் 2 செண்டிமீட்டர் என்றால், 80 மில்லி ஊற்றும்போது மட்டம் 1 செண்டிமீட்டர் உயரும், மூடிக்கும் நீருக்கும் நடுவே 1 செண்டிமீட்டர் இடைவெளி இருக்கும். அந்த ஒரு செண்டிமீட்டர்தான் முக்கியம். தேன்சிட்டின் அலகும் நாக்கும் அதைத் தாண்டிப் போகும். இங்குள்ள தேனீயின் நாக்கு அரை செண்டிமீட்டரைச் சுற்றித்தான், அதற்கு எட்டாது. பெரிய கிண்ணமாக வாங்கினால் 80 மில்லி அடியில் பரவிக் கிடக்கும், பறவைக்கும் எட்டாமல் போய்விடும். அப்படிப்பட்ட தட்டு கையில் இருந்தால் கொதிநீரில் போட்டெடுத்த கண்ணாடிக் கோலிக்குண்டுகளை உள்ளே பரப்பினால் மட்டம் உயரும். ஆனால் அவற்றையும் தினமும் கழுவ வேண்டும்.

துளை தட்டையாக, மூடியோடு ஒட்டியிருப்பது நல்லது. துளையைச் சுற்றி லேசாக மேடு இருந்தால் இன்னும் நல்லது, மூடியில் விழும் மழைநீர் உள்ளே இறங்காது. மஞ்சள் பூவும், தேனீ தடுப்பு என்று சொல்லி அதில் செருகிய மஞ்சள் வலைக்கூண்டும் இருந்தால் கழற்றிவிடுங்கள். மஞ்சள் நிறம் தேனீயையும் குளவியையும்தான் அழைக்கும், கூண்டு வளைந்த அலகை மறிக்கும். உட்காரும் வளையம் இல்லாத தட்டுகளும் விற்பனையில் உண்டு. அவற்றுக்குத் துளையிலிருந்து 3 அல்லது 4 செண்டிமீட்டர் தள்ளி ஒரு மெல்லிய மூங்கில் குச்சியை கேபிள் டையால் கட்டிவிட்டால் போதும். வழுவழுப்பான உலோக வளையத்தைவிடச் சொரசொரப்பான குச்சியில் தேன்சிட்டு நன்றாகவே கால் ஊன்றும்.

மூடியை அழுத்தி மாட்டும் தட்டும் உண்டு, திருகி மாட்டும் தட்டும் உண்டு. தினமும் கழுவப் போகிறீர்கள் என்பதால் திருகுவதே மேல். அழுத்தி மாட்டுவது விளிம்பில் விரிசல் விடும். மெல்லிய பிளாஸ்டிக் நம் வெயிலில் ஓராண்டுக்குள் நொறுங்கும் நிலைக்கு வரும். பாலிகார்பனேட் என்று போட்டிருந்தால் கூடுதல் விலை கொடுக்கலாம்.

ஜன்னல் வகை

சிறு தட்டு ஒன்றை ரப்பர் கிண்ணத்தால் கண்ணாடியில் ஒட்டுவது. 60 முதல் 100 மில்லி கொள்ளும், அளவு நமக்குச் சரியானது, கழுவவும் எளிது. குறை ஒட்டும் ரப்பரில். ஈரப்பதமும் சூடும் மாறிமாறி வர, சில நாளில் பிடி தளரும். தரைவீடானால் விழுந்தால் பூச்சட்டியில் விழும், மறுபடி ஒட்டலாம். பதினைந்தாவது மாடியில் ஜன்னலுக்கு வெளியே இதை ஒட்டவே கூடாது. கீழே ஆள் நடக்கும் இடம். மாடி வீடுகளில் பால்கனி மேல்தளத்தில் கொக்கி போட்டு, கைப்பிடிக் கம்பிக்கு உட்பக்கமாகத் தட்டு வகையைத் தொங்கவிடுவதே முறை. வெளியே எதையும் தொங்கவிடக் கூடாது என்பது பல கோண்டோ நிர்வாகங்களின் விதியும்கூட.

ஜன்னலை ஒட்டி வைப்பதில் ஒரு நன்மை உண்டு. கண்ணாடிக்கு ஒரு மீட்டருக்குள் இருக்கும் ஃபீடரிலிருந்து கிளம்பும் பறவைக்கு வேகம் எடுக்க இடமில்லாததால், மோதினாலும் அடி பலமாக இருக்காது. மூன்று நான்கு மீட்டர் தள்ளி வைப்பதுதான் ஆபத்து. ஆண் தேன்சிட்டு கண்ணாடியில் தன் உருவத்தையே பார்த்து எதிரி என்று கொத்தத் தொடங்கினால், அந்தக் கண்ணாடியை வெளிப்பக்கத்தில் காகிதம் ஒட்டி மறையுங்கள், அல்லது சோப்புத் தண்ணீர் பூசி மங்கலாக்குங்கள். உள்ளே திரைச்சீலை போட்டால் பிரதிபலிப்பு சில நேரம் கூடவே செய்யும்.

பூச்செடிக் குச்சியில் செருகும் ஒற்றைக் குழாய் வகையும் வருகிறது. முனையில் சொட்டிக்கொண்டே இருக்கும். வேண்டாம்.

உள்ளே ஊற்றுவது

நாலுக்கு ஒன்று. நாலு பங்கு தண்ணீர், ஒரு பங்கு வெள்ளைச் சீனி. ஒரே கரண்டியால் அளந்தால் போதும்: சாப்பாட்டு மேசைக்கரண்டியால் நாலு கரண்டி தண்ணீர், ஒரு கரண்டி சீனி, ஏறத்தாழ 70 மில்லி கிடைக்கும். ஒரு பால்கனிக்கு ஒரு நாளைக்கு அது தாராளம். மாதம் முழுக்க ஊற்றினாலும் அரைக் கிலோ சீனிக்கு மேல் ஆகாது.

தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்த பிறகு சீனியைப் போட்டுக் கலக்குங்கள். சீனியோடு சேர்த்து நெடுநேரம் கொதித்தால் நீர் வற்றி விகிதம் மாறிவிடும். ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். மூடிய போத்தலில் குளிர்பெட்டியில் ஒரு வாரம் வைக்கலாம். ஒரு தடவை 125 மில்லி சீனியும் அரை லிட்டர் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சி வைத்தால் அன்றாட வேலை ஊற்றுவது மட்டும்தான். ஊற்றும் முன் சற்று நேரம் வெளியே வைத்துக் குளிர் விடட்டும்.

நம் வீடுகளில் ஒரு பழக்கம்: நல்லது கொடுக்க வேண்டும் என்ற அன்பில் தேன், கருப்பட்டி, குலா மெலாக்கா, நாட்டுச் சர்க்கரை என்று மாற்றிப் பார்ப்பார்கள். மனிதனுக்கு நல்லது பறவைக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்பதில்லை. தேன் தண்ணீரில் கரைந்ததும் விரைவாகப் புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும், அது பறவையின் நாக்கையும் வாயையும் தாக்கும். கருப்பட்டியிலும் பழுப்புச் சீனியிலும் இருக்கும் இரும்பும் மற்ற தாதுக்களும் இந்தச் சின்ன உடம்புக்கு அதிகம். சீனிக்குப் பதிலாக விற்கும் இனிப்பு மாத்திரையில் சத்தே இல்லை, வயிறு நிறைந்தும் பறவை பட்டினி கிடக்கும். பூந்தேனில் இருக்கும் முக்கியமான சர்க்கரை வகைகளில் ஒன்றுதான் வெள்ளைச் சீனி. அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஃபீடரோடு இலவசமாக வரும் சிவப்புத் தூளையும் குப்பையில் போடுங்கள். பறவையை அழைக்க மூடியின் சிவப்பே போதும், வயிற்றுக்குள் சாயம் போக வேண்டியதில்லை.

சீனித்தண்ணீர் கலங்கலாகவோ நூல் நூலாகவோ தெரிந்தால் கெட்டுவிட்டது. புளித்த கள் வாடை வரும். அந்த அளவுக்கு விடவே கூடாது. காலையில் ஊற்றினால் மாலையில் எடுத்துவிடுவது இங்கே சரியான கணக்கு. இரவில் தேன்சிட்டு குடிக்காது, எலிதான் வரும். தினமும் சூடான தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வாரம் ஒரு முறை இரண்டு பங்கு சுடுநீருக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகர் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைக்கலாம். கறுப்பு பிடித்துவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 மில்லி பிளீச், ஒரு மணி நேரம். அதன்பின் வாடை முழுக்கப் போகும்வரை அலசிக் காயவைக்க வேண்டும். வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் சேர்த்துக் கலக்காதீர்கள், நச்சுப்புகை வரும். தினமும் கழுவ நேரமில்லாதவர்கள் ஃபீடர் வாங்காமல் செடி வாங்குவதே பறவைக்குச் செய்யும் நன்மை.

எறும்பு, தேனீ, ஏடிஸ்

எறும்பு வராத வீடு இங்கே இல்லை. கொக்கிக்கும் ஃபீடருக்கும் நடுவே தண்ணீர் நிரப்பிய சிறு கிண்ணம் ஒன்றைத் தொங்கவிட்டால் எறும்பு கடக்காது. இந்தத் தடுப்புக் கிண்ணம் தட்டிலேயே சேர்ந்து வருவதும் உண்டு, தனியாகவும் கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வெளிநாட்டு விளக்கத்தாளில் இல்லாத ஒரு ஆபத்து நமக்கு இருக்கிறது: தேங்கிய சுத்தமான தண்ணீர் என்றால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி, சோதனைக்கு வருபவர்கள் புழுவைக் கண்டால் வீட்டுக்காரருக்கு அபராதம் உண்டு. ஆகவே ஃபீடரைக் கழுவும்போதெல்லாம் அந்தக் கிண்ணத்தின் தண்ணீரையும் கொட்டி, உட்பக்கத்தை விரலால் தேய்த்துவிட்டு நிரப்புங்கள். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், கொட்டினால் மட்டும் போகாது. கொசுப்புழு மருந்து அதில் போடவே வேண்டாம். பறவை அந்தத் தண்ணீரையும் குடிக்கும்.

கம்பியில் எண்ணெய், வாசலின், கிரீஸ் தடவச் சொல்லும் யோசனையை விட்டுவிடுங்கள். இறகில் பட்டால் கழுவிப் போகாது, மழையில் பறவை நனைந்துபோகும். கெரிங்கா எனும் சிவப்பு எறும்பு கூடு கட்டிய மாமரத்திலும் தொங்கவிடாதீர்கள். ஒரு இலை ஃபீடரைத் தொட்டால் போதும், தடுப்புக் கிண்ணம் இருந்தும் வீண்.

தேனீக்கு நீர்மட்டமே காவல் என்று மேலே சொன்னோம். கொடுக்கில்லாத குட்டித் தேனீயான கெலுலுட் வேறு விஷயம். அதில் சிறிய வகைகள் துளைக்குள்ளேயே புகுந்து மூழ்கிச் சாகும். அப்படி மொய்த்தால் விகிதத்தை ஐந்துக்கு ஒன்றாகத் தளர்த்துங்கள், அவற்றுக்குச் சுவை குறையும், தேன்சிட்டு பொருட்படுத்தாது. நிழலுக்கு மாற்றினாலும் குறையும். சின்னான் குருவியும் சீனித்தண்ணீருக்கு வரும், வளையத்தில் உட்கார்ந்து ஆட்டிக் கொட்டிவிடும். சிறிய வளையமாக இருந்தால் அதற்குக் கால் நிற்காது. அணில் மூடியைக் கடித்துப் போட்டால் இடத்தை மாற்றுவதைத் தவிர வழி இல்லை.

தொங்கவிடும் உயரம் ஒன்றரையிலிருந்து இரண்டு மீட்டர், பூனைக்கு எட்டாமல், உங்கள் கைக்கு எட்டும்படி. காலை வெயில் படலாம், பிற்பகல் வெயில் படக் கூடாது. முக்கியமாக, முதலில் பூவுக்கு நடுவே தொங்கவிடுங்கள். தேன்சிட்டுக்கு பிளாஸ்டிக் தட்டு என்றால் என்னவென்று தெரியாது. துளைக்குப் பக்கத்தில் அன்று பூத்த செம்பருத்தி ஒன்றைச் செருகினால் தேடி வந்து தற்செயலாகக் கண்டுபிடிக்கும். சில வாரம் ஆகலாம், அதற்குள் ‘வேலை செய்யவில்லை’ என்று மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். அது வரும்வரை தினமும் கொஞ்சமாக, 30 மில்லி மட்டும் ஊற்றி மாற்றுங்கள். பெரிய கிண்ணமானால் கோலிக்குண்டு இங்கேயும் உதவும். பழகிய பிறகு இடம் மாற்ற வேண்டுமானால் நாளுக்கு அரை மீட்டராக நகர்த்துங்கள்.

அதே பணத்துக்குச் செடி

நல்ல தட்டு ஒன்றின் விலைக்கு சுங்கை பூலோ நர்சரிகளில் பூச்செடிகள் சில வாங்கலாம். பழைய தொழுநோய்க் குடியிருப்பை ஒட்டி வரிசையாக இருக்கும் அந்த நர்சரிகள் கிள்ளான் பள்ளத்தாக்குக்காரர்களுக்குத் தெரிந்த இடம்தான். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் தயங்காமல் செடியை வாங்கச் சொல்வோம். ஃபீடரில் இருப்பது வெறும் சீனி. செடியில் தேனோடு பூச்சியும் சிலந்தியும் இருக்கும். குஞ்சுக்குத் தேன்சிட்டு ஊட்டுவது பெரும்பாலும் அவற்றைத்தான்.

இதில் அழகான ஒரு விஷயம் இருக்கிறது. ஓசனிச்சிட்டு இங்கே வராவிட்டாலும், அதற்காகவே உருவான பூக்கள் வந்துவிட்டன. அமெரிக்க வெப்பமண்டலத்து ஹமேலியாவும், மெக்சிகோவிலிருந்து வந்த ரஸ்ஸேலியாவும், நம் சாலை நடுவே ஆரஞ்சாகப் பூத்து நிற்கும் ஹெலிகோனியாவும், சிவப்புக் கூம்பாக எழும் காஸ்டஸும் அங்கே ஓசனிச்சிட்டு தேன் குடிக்கும் பூக்கள். இங்கே அந்த வேலையைத் தேன்சிட்டும் சிலந்திபிடிப்பானும் எடுத்துக்கொண்டன. அமெரிக்கப் பறவைக்குச் செய்த ஃபீடரைவிட, அமெரிக்கப் பறவைக்கென வளர்ந்த பூ நம் பறவைக்கு நன்றாகப் பொருந்துகிறது.

நல்ல வெயில் படும் முற்றமானால் ஹமேலியாவுக்கே முதலிடம். 40 செண்டிமீட்டர் சட்டியில் வைத்து, பூத்து ஓய்ந்த கிளையை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால் ஆண்டு முழுக்கப் பூக்கும். சிறு ஆரஞ்சுக் குழல்கள் தேன்சிட்டின் அலகுக்கு அளவெடுத்தது போல இருக்கும். பால்கனிக் கம்பிக்கு ரஸ்ஸேலியா, ஊசி போன்ற கிளைகள் வழிந்து தொங்கும், ஐந்து மணி நேர வெயில் வேண்டும். வெயில் குறைந்த பால்கனிக்குக் காஸ்டஸ், மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும், ஒவ்வொரு கூம்பிலும் நாளுக்கு ஒரு பூவாக வாரக்கணக்கில் வரும். ஹெலிகோனியா தரையில் வைத்தால் வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகும், ஆகவே சட்டியை மண்ணில் புதைத்து அதற்குள் நடுங்கள்.

செம்பருத்தியில் ஒற்றை இதழ்ப் பூவாகப் பார்த்து வாங்குங்கள். அடுக்குச் செம்பருத்தி சாமிக்கு அழகு, தேன்சிட்டுக்கு அதன் அடிவாரம் எட்டாது. ஒற்றைப் பூவில்கூட முன்பக்கமாக வராமல் புல்லி இதழின் அருகே பக்கவாட்டில் துளையிட்டுத் தேனை எடுக்கும், காலையில் பூவின் அடியில் சிறு கீறல் இருந்தால் அது வந்து போன அடையாளம். இட்லிப்பூவிலும் அப்படித்தான், நீளக் குழலின் அடியைக் கொத்தும். கொல்லையில் முருங்கை இருந்தால் பூக்கும் காலத்தில் அதை வெட்டாமல் விடுங்கள், அதற்கும் வரும். பினாங்கில் இருப்பவர்கள் 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்கு ஒரு காலை ஏழரை மணிக்குப் போய், தேன்சிட்டு எந்தப் பூவில் அதிக நேரம் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாங்கினால் பணம் வீணாகாது.

நர்சரியிலிருந்து கொண்டுவந்த செடியில் மருந்து அடித்திருக்க வாய்ப்பு அதிகம். செம்பருத்தி மாவுப்பூச்சிக்குப் பயன்படும் இமிடாக்குளோப்ரிட் போன்றவை செடிக்குள் ஊறிப் பூந்தேனுக்கும் வந்துவிடும். வாங்கியதும் இருக்கும் பூவையும் மொட்டையும் கிள்ளிவிட்டு, இலையை நன்றாகக் கழுவி, சில வாரம் ஃபீடருக்கு அருகில் வைக்காமல் தள்ளி வையுங்கள். பிறகு மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திர சோப்புக் கலந்து மாலையில் தெளித்து, மறுநாள் காலை கழுவிவிட்டால் போதும்.

செடியும் தட்டும் ஒன்றாக இருக்கும் வீட்டில் தேன்சிட்டு கூடு கட்டுவதும் நடக்கும். துணி காயவைக்கும் கம்பியில், தொங்கும் செடியில், சிலந்தி நூலால் பின்னிய பை போல ஒன்று ஆடும். பெரும்பாலும் இரண்டு முட்டை. அப்போது ஃபீடரைக் கூட்டுக்கு அருகிலிருந்து எடுத்துப் பால்கனியின் மறுகோடிக்கு மாற்றுங்கள். மற்ற ஆண்கள் குடிக்க வந்து சண்டை பிடித்தால் கூட்டுக்காரருக்குக் குஞ்சைப் பார்க்க நேரம் இருக்காது.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் நிரப்பி வைத்துவிட்டுப் போகாதீர்கள். கழுவிக் காயவைத்து அலமாரியில் வையுங்கள், எறும்புத் தடுப்புக் கிண்ணத்தையும் சேர்த்து. பூவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.